ஒன்பது விருந்து பெற்ற நாவலாசிரியை

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
மே 20

மரியாதைக்குரிய சம்பந்தி, புலவர் சேனாபதி அவர்கள் சமூகத்துக்கு சுந்தரராமன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அனந்தலக்ஷ்மியும் க்ஷேமம் என்று எழுதுவது முறை, முறைக்காக எழுதியாகிவிட்டது. அவ்விடம் தங்கள் சர்க்கரையும் சம்பந்தியம்மாளின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தக் கிழம் ஏன் தபாலில் எழுதுகிறது என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எதைத் தட்டினாலும் அது ஹாலில் கிடக்கும் ஐபேடிலும் வந்து நிற்கிறது. இதுவோ தங்கள் குமாரத்தியும் என் மருமகளுமான தென்றலின் கண்ணில் படக்கூடாத கடிதம்.

விஷயம் என்னவென்றால், தென்றல் பதினோரு நாளாக என்னோடு இங்கிலீஷில் பேசுகிறாள். காப்பியைக்கூடக் குளம்பி என்று சொல்லும் பெண், "மாமா, லஞ்ச் இஸ் ஆன் த டேபிள்" என்கிறாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாங்கள் ஒரு தடவை போன் பண்ணி, "பெரியவர் தெரியாமல் செய்துவிட்டார், விட்டுவிடும்மா" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எழுத்துப்பிழை செய்துவிட்டுத் தமிழாசிரியரிடமே சிபாரிசுக்கு வருகிறவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு போலந்துக்கார அம்மாள் தனியாக இருக்கிறார். வயது எண்பத்தொன்று. பெயர் ப்ரோனிஸ்லாவா கஷ்டெலான்ஸ்கா. கஷ்டம் நமக்குத்தான், அவர்கள் ஊரில் அது நல்ல பெயராம். நாங்கள் ப்ரோன்யாம்மா என்று சுருக்கிவிட்டோம். குப்பை டப்பாவை வெளியே வைக்கும்போது "குட் மார்னிங்" சொல்லிக்கொள்ளும் பழக்கம்தான் எனக்கு. அவர் ஒன்பது நாவல் எழுதியவர் என்பதைக் கண்டுபிடித்தது தென்றல். முதல் நாவலை அந்தக் காலத்து அரசாங்கம் அச்சகத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டதாம், இரண்டாவது நாவலை ஜனங்கள் கையால் பிரதி எடுத்துப் படித்தார்களாம், அப்புறம் வார்சாவில் ஒரு விருது, க்ராக்கோவில் இரண்டு, குழந்தைகளுக்கு எழுதியதற்கு ஒன்று, இங்கே வந்த பிறகு, அயல்நாட்டில் இருந்துகொண்டு தாய்மொழியை விடாமல் எழுதியதற்கு ஒன்று, இப்படியாக மொத்தம் ஒன்பது விருது. தங்கள் பெண் நாலு வருஷம், சனிக்கிழமை தவறாமல், அந்த அம்மாள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவர் வரிவரியாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஒரு நாவலை முழுசாகத் தமிழில் கொண்டுவந்துவிட்டாள். ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, க்ரிஷ் செய்யும் சமையலையும் சாப்பிட்டுக்கொண்டு இதைச் செய்தாள். என் பிள்ளை சமையலை நீங்கள் சாப்பிட்டதில்லை, அதனால் அந்தத் தியாகம் தங்களுக்குப் புரியாது.

புத்தக வெளியீட்டோடு ப்ரோன்யாம்மாவுக்குத் தமிழ்ச் சங்கம் சார்பில் வாழ்நாள் சாதனை விருதும் கொடுப்பதாக ஏற்பாடு. நூலகத்தில் ஹால் பிடித்தாயிற்று. நோட்டீஸ் தயார் செய்வது என் பொறுப்பு. "எனக்கு அலுவலகத்துல வேலை நெருக்குது மாமா, நீங்க பாத்தாப் போதும், சங்கத்துக் குழுவுல போட்டுடுங்க" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் டெண்டர் நோட்டீஸ் எழுதியவன் நான், ஒரு கால்புள்ளி தவறியதில்லை. ஆனால் இந்தப் போன் இருக்கிறதே, நாம் ஒன்று சொன்னால் அது ஒன்று அடிக்கிறது. ‘ஒன்பது விருதுகள் பெற்ற போலந்து நாவலாசிரியைக்கு வாழ்நாள் சாதனை விருது’ என்று நான் வாயால் சொல்ல, ‘ஒன்பது விருந்துகள் பெற்ற போலந்து நாவலாசிரியைக்கு வாழ்நாள் சாதனை விருந்து’ என்று அடித்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு ‘ந்’. கீழே ‘அனைவரும் குடும்பத்துடன் வருக’ என்று வேறு போட்டிருந்தேன்.

வந்தார்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தால் பெரிசு என்று முப்பது சமோசா சொல்லியிருந்தோம். இருநூற்று முப்பது பேர் வந்துவிட்டார்கள். பட்டுப்புடவை, கைக்குழந்தை, சக்கர நாற்காலி, காலையிலிருந்து பட்டினி போட்டு அழைத்துவந்த பிள்ளைகள், எல்லாம். ஹாலில் நிற்க இடமில்லை. தென்றல் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "மாமா, இவ்வளவு பேரா!" என்றாள். நான் மைக்கைப் பிடித்து ப்ரோன்யாம்மாவின் சாதனைகளை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது விருதில் முன்வரிசை மீனாக்ஷி, "அங்கிள், அதெல்லாம் இருக்கட்டும், பந்தி எப்ப?" என்றாள். அஞ்சாவதில் பின்வரிசையிலிருந்து, "வெஜ்ஜுக்கு தனி லைனா?" என்று ஒரு குரல். தென்றல் ஒன்றும் புரியாமல் மீனாக்ஷியின் போனை வாங்கி நோட்டீஸை முதல் தடவையாகப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு மிச்சம் நாலு விருதும் வாயில் வரவில்லை.

எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று ப்ரோன்யாம்மா கேட்க, தென்றல் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு மைக்கை வாங்கினார். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: முதல் விருது வாங்கிய அன்று நல்ல பனி. கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், தேர்வுக் குழு மொத்தமும் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டது, என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். நான் அறைக்குப் போய் ரொட்டியும் வெங்காயமும் தின்றுவிட்டுப் படுத்தேன். மற்ற எட்டும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த நோட்டீஸில் போட்டிருப்பதையே கொடுங்கள், எனக்குப் பசிக்கிறது.

கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. சங்கச் செயலாளர் நெய்னா முகம்மது பக்கத்து ஊரில் ஹோட்டல் வைத்திருப்பவர். "விருந்துன்னு போட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்புனா சங்கத்துக்கே கேவலம் சார்" என்று வேகமாக வெளியே போனவர், முக்கால் மணியில் பிரியாணியும் சாம்பார் சாதமுமாக ட்ரே ட்ரேயாக வந்து இறங்கினார். உள்ளே சாப்பிடக்கூடாது என்று நூலகத்தில் சொல்லிவிட்டதால் பார்க்கிங் லாட்டில் பந்தி. ப்ரோன்யாம்மா பொன்னாடையை ஏப்ரன் மாதிரிக் கட்டிக்கொண்டு ரெண்டாம் தடவை பிரியாணி கேட்டு வாங்கினார். எல்லாம் சரிதான் சம்பந்தி, ஆனால் உள்ளே தென்றல் நாவலிலிருந்து பன்னிரண்டு பக்கம் வாசிப்பதாக இருந்தாள். ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று வாசித்துப் பழகியவள். அரைப் பக்கம் வாசித்து நிமிர்ந்தபோது எதிரே நானும் அனந்தலக்ஷ்மியும்தான். இது போதாதென்று வெளியே ஜனங்கள் பேப்பர் பிளேட் வளைகிறது என்று அடியில் கொடுக்க அட்டைப்பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். சாம்பார் பட்டதைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அறுபது பிரதியும் போயிற்று. "நாலு வருஷ உழைப்பை தட்டுக்கு முட்டு குடுத்துட்டாங்க" என்றாள் காரில். தமிழில் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நேற்று மீனாக்ஷி தென்றலுக்குப் போன் பண்ணினாள். கடைசிப் பக்கம் சாம்பாரில் ஒட்டிக்கொண்டுவிட்டதாம், கதையில் அந்தப் பெண் கடைசியில் ரயிலில் ஏறினாளா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லையாம். தென்றல் ஒரு மணி நேரம் பேசினாள், அத்தனையும் தமிழில். நான் ஆசையாக மாடிப்படி அடியில் நின்றேன். போனை வைத்துவிட்டு வந்து, "டின்னர் இஸ் ரெடி" என்றாள். "நல்லா வேணும் உங்களுக்கு, கண்ணாடியை மாத்துங்கோன்னு எத்தனை நாளா சொல்றேன்" என்கிறாள் அனந்தலக்ஷ்மி.

ஆகவே தாங்கள் அவசியம் போன் பண்ணவும். குற்றம் போனுடையது, என் வயதுக்காகவாவது மன்னிக்கச் சொல்லவும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். அங்கே குழந்தைகள் எல்லாருக்கும் ஆசீர்வாதம்; வயிறும் படிப்பும் நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
சுந்தரராமன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். போன் எதையும் மாற்றவில்லை, சம்பந்தி. ‘விருது’ என்று சரியாகத்தான் அடித்தது. ரெண்டு இடத்திலும் ‘ந்’ போட்டது நான். போன வருஷம் இதே ஹாலில் அவள் ஒரு புத்தகக் கூட்டம் வைத்தாள். வந்தது ஏழு பேர், அதில் நாலு பேர் நாங்கள். வீட்டுக்கு வந்ததும் "அலுவலக அழைப்பு ஒண்ணு இருக்கு, நீங்க போங்க" என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அரைமணி கழித்து நான் கராஜுக்குப் போனேன். போன் பின்சீட்டில் கிடந்தது, அவள் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். மாமனார் தன்மேல் இரக்கப்பட்டு ஆள் சேர்த்தார் என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. அதனால் தாங்கள் போன் பண்ண வேண்டாம், இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடவும். கண் தெரியாத கிழவன் என்று திட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்தக் கார்க் கதவுக்கு வெளியே இன்னொரு தடவை நிற்க என்னால் ஆகாது.