எட்டுப் பானை மீன்குஞ்சு

ஒப்புக்கொள்கிறேன்: மீன் இலாகாவில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த மீன்கள் இரண்டே. ஒன்று கெண்டை, மற்றது கெண்டை அல்லாதது. (இதை யாரும் கேட்டுத் தொலைக்கவில்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் குஞ்சுகளைப் பிடித்து, உப்புத் தண்ணீரில் நாளுக்கு நாள் நல்ல தண்ணீர் கலந்து பழக்கி, உள்நாட்டு ஏரிகளில் விடுவது திட்டம். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஏரிக்கு எட்டுப் பானை குஞ்சு கொண்டுபோகும் வேலை எனக்கு. ஒழுங்காகச் சேர்த்தால் உத்தியோகம் நிரந்தரம். நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, அதே ஊர் விவசாயி, கறாராகச் சொல்லியிருந்தார்.

முகத்துவாரத்து மீனவர் மடவை, பால்கெண்டை, கொடுவாய் என்று குஞ்சுகளைப் பிரித்து வைத்திருந்தார்.

"ஐயா, கொடுவாயைத் தனிப் பானையிலயே கொண்டு போங்க" என்றார்.

நான் சோளத்தோடு தட்டைப்பயறும் அவரைக்கொட்டையும் கலந்து விதைக்கிற குடும்பம். வழியில் ஒரு பானை உடைந்தாலும் மூன்று இனமும் மிஞ்ச வேண்டாமா? அவர் அந்தப் பக்கம் போனதும் எட்டுப் பானையிலும் சமமாகக் கலந்துவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

குஞ்சுகள் மிரளாமலிருக்கத் தண்ணீரில் செம்மண் கரைத்திருந்ததால் உள்ளே எதுவும் தெரியாது. அவற்றுக்கு மூச்சு முட்டாமல் ரயிலில் கையால் அளைந்துகொண்டே வந்தேன். விரல்களை ஏதேதோ மெல்ல உரசிப்போகும். விருத்தாசலம் தாண்டியதும் இளவெயிலும் காற்றும் கண்ணைச் சொக்கவைத்தன. கண்முன்னே ஏரி முழுக்க வெள்ளியாக மின்னுகிறது. கரையில் அந்தப் பெண் நின்று, நான் விட்ட மீன்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. ஆத்தூரில் இறங்கி மாட்டுவண்டி ஏறியும் கனவு கலையவில்லை. விரலில் உரசுவது மட்டும் வரவரக் குறைந்தது. தூங்குகின்றன என்று நினைத்து மெல்லத் தாலாட்டினேன். (வண்டிக்காரர் சாட்சி.)

ஏரிக்கரையில் எங்கள் இலாகா இன்ஸ்பெக்டர், ஊரார், முன்னால் பெண்ணின் அப்பா. ஏரியில் விடுமுன் அண்டாவில் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். முதல் பானையைச் சாய்த்தேன். வயிறு புடைத்த கொடுவாய்கள் ஆறு சோம்பலாக இறங்கின. அடுத்த பானையில் ஐந்து. கடைசிப் பானையில் மட்டும் ஒரே ஒரு மடவை, பிழைத்த பயத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது.

"மத்ததெல்லாம் எங்கேய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கலந்த கதையைச் சொன்னேன். அங்கேயே என் உத்தியோகம் போயிற்று. அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, காட்டுல விதைக்கிறாப்புல கலந்துட்டீங்களா?"

"ஆமாங்க."

"அவரைச்செடி சோளத்தத் திங்காதுங்க!" என்றவர் கரையிலேயே உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உத்தியோகம் கெடக்குதுங்க. வெள்ளாமை புத்தி உங்கள உட்டுப் போகலீங்க, அது போதும். ஊட்டுக்கு வாங்க, சாப்புடலாம்" என்றார்.

தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது என் மனைவி, தம்பிகள் தட்டிலும் கைவைக்கிற பெரியவனைப் பிடித்துத் தள்ளி உட்காரவைப்பாள். "தம்பிகளோட உட்காராத சாமி, உங்க தாத்தா கோட்டை விட்டது இதுலதான்" என்பாள். அவன் முகம் வாடிப்போகும். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.