இரண்டாம் குழுவின் பேன்கள்

குறையக் கூடாத தலைகளில் பேன் குறைந்துகொண்டே வந்தது.

எல்விரா நோட்டை மறுபடி பார்த்தாள். பியூனஸ் அயர்ஸ் ஓரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்துநாலு பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்கு யூகலிப்டஸ் தைலம் கலந்த எண்ணெய். மற்ற பன்னிரண்டு பேருக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெய். கடை மருந்துக்கெல்லாம் இந்த ஊர்ப் பேன்கள் அசைவதே இல்லை என்பதால்தான் தைலச் சோதனை. முதல் குழுவில் பேன் குறைய வேண்டும். இரண்டாம் குழுவில் அப்படியே இருக்க வேண்டும். முதல் வாரக் கணக்கில் இரண்டிலும் பாதியாகியிருந்தது.

ஆய்வகத் தலைவர் பெர்தோலினி மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"வெறும் எண்ணெய்க்குப் பேன் சாகுதுன்னா, உன் தைலம் எதுக்கும்மா?"

"தாய்மாருங்க பாட்டிலைத் தங்களுக்குள்ள மாத்திக்கறாங்க டாக்டர். எது மருந்துன்னு வாசனை காட்டிக் கொடுத்துடுது."

"மாசக் கடைசிக்குள்ள ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் காட்டு. இல்லைன்னா சோதனையும் முடிஞ்சுது, உன் வேலையும் முடிஞ்சுது."

எல்விரா வெறும் எண்ணெயிலும் கொஞ்சம் லாவண்டர் தைலம் சேர்த்தாள். இரண்டும் மணக்கும், இனி எது மருந்து என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இரண்டாம் குழுவில் பேன் இன்னும் குறைந்தது.

"லாவண்டரும் பேனுக்கு ஆகாதே" என்றார் பெர்தோலினி. "பேன் கொல்ற தைலம்னு நம்ம பட்டியல்லயே அது மூணாவதா இருக்கே. நீ பார்க்கலையா?"

அவள் பார்த்திருக்கவில்லை. அன்றே லாவண்டர் பாட்டில்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, நிறம் கலந்த தண்ணீர் கொடுத்தாள். தண்ணீருக்கு எந்தப் பேனும் சாகாது.

ஆனாலும் குறைந்தது.

தன் எண்ணிக்கையில்தான் பிழை என்று முடிவுகட்டினாள் எல்விரா. வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணியவள் தினமும் எண்ண ஆரம்பித்தாள். சாதாரணச் சீப்பை வைத்துவிட்டு, பல் நெருங்கிய இரும்புச் சீப்பு வாங்கினாள். பள்ளிச் சீருடையான வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகள் வரிசையில் வந்து உட்கார, நெற்றியிலிருந்து பிடரி வரை முடியை வகிர்ந்து வகிர்ந்து வாரி, விழுவதை வெள்ளைத் துணியில் எண்ணி, நோட்டில் குறித்தாள். ஒரு தலைக்குப் பத்து நிமிஷம்.

"எண்ணி முடிச்சதும் திரும்பத் தலையிலயே விட்டுடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் மூன்றாம் வகுப்பு அயெலென். அவளுக்குத் தண்ணீர் பாட்டில்.

"சீ, யாராவது அப்படிச் செய்வாங்களா. ஆடாம உட்காரு. அம்மா மருந்து தடவினாங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

உண்மைதான். தடவியாயிற்று என்று இருபத்துநாலு தாய்மார்களும் வாராவாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பள்ளி நடையில் காலெடுத்து வைத்தாலே யூகலிப்டஸ் கமகமத்தது. அந்த ஒன்றுதான் எல்விராவுக்கு ஆறுதல். மருந்து புழக்கத்தில் இருக்கிறது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முதல் குழுவில் பேன் பூஜ்யம். இரண்டாம் குழுவிலும் பூஜ்யம். பெர்தோலினி தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. "சாமானைக் கட்டிக்கிட்டு வா" என்றார்.

சீப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நாலைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். திங்கட்கிழமை வருவாளா என்று கேட்டார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். மிச்சமிருந்த பாட்டில்களை எடுத்துவர நடைப்பக்கம் திரும்பினாள். அங்கே பள்ளி ஆயா எர்மெலிந்தா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம், பார்த்து வாங்க. ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒரு மாச உழைப்பு வீணாப் போச்சு எர்மெலிந்தா. தைலம் வேலை செஞ்சுதா இல்லையான்னே தெரியலை."

"யாரு சொன்னா? அருமையா வேலை செய்யுதே." எர்மெலிந்தா தரைத் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். யூகலிப்டஸ் நெடி மூக்கில் ஏறியது. "கடை மருந்து ஏமாத்தினது போதும்னு தாய்மாருங்க உங்க பாட்டிலைத் திறக்கறதே இல்லை டீச்சர், திங்கக்கிழமை காலையில எல்லாத்தையும் என் வாளிக்குக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க, தலைக்குத்தான் உங்க சீப்பு இருக்கே."