ரீபண்டை நம்பிப் பல்லைப் பிடுங்கியவர்

வருமான வரி ரீபண்டை நம்பி வாயிலிருந்த பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்ட மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உத்திரமேரூர்க்காரர். ஊருக்கு அவர் ஆரன். நிஜப் பெயர் அவருடைய பான் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். அவர் சிரித்தால் முன்னால் போகிற லாரி ஒதுங்கி வழி விடும் என்பார்கள். அதனால்தான் ஆரன்.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஓர் ஆன்லைன் சென்டர் வைத்திருந்தேன். ஒரு நாள் ஆரன் அண்ணன் வந்து ஒரு காகிதக் கட்டை என் மேஜைமேல் போட்டார்.

"பாய், கம்பெனிக்காரன் மாசாமாசம் என் வேன் வாடகைல வரி புடிச்சிக்கினே கீறான். நான் இன்னா மில்லு ஓனரா? இத்த எப்டியாச்சும் வாங்கிக் குடு."

பார்த்தால் அவருக்கு வரியே கிடையாது. பிடித்த முப்பத்தோராயிரமும் திரும்ப வரவேண்டிய பணம். படிவத்தை நிரப்பி அனுப்பினேன். "எப்ப வரும்?" என்றார். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய ஆடிட்டர் மாதிரி, "ஒரு மாசம்ணே. மிஞ்சிப் போனா நாப்பது நாளு" என்றேன்.

அவருக்கு அப்போது பல்லெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துப் பல் டாக்டர், மொத்தத்தையும் எடுத்துவிட்டு, ஈறு ஆற இரண்டு மாதம் பொறுத்து, செட்டு கட்டலாம் என்றிருந்தார். செட்டுக்கு முப்பதாயிரம். ஆரன் அண்ணன் மனக்கணக்குப் போட்டார். ரீபண்டுக்கு நாற்பது நாள், ஈறுக்கு அறுபது நாள். எப்படிப் பார்த்தாலும் பணம் முன்னால் வந்துவிடும். அடுத்த வாரமே போய் வாயைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார்.

அறுபது நாளில் ஈறு ஆறிவிட்டது. ரீபண்டு வரவில்லை.

தினமும் காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு என் கடைக்கு வருவார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"இன்னா பாய், வந்துச்சா?"

"பரிசீலனைல கீதுண்ணே."

"அத்த நேத்தே சொன்ன."

"இன்னிக்கும் அங்கியேதான் கீது."

கடன் வாங்கியாவது செட்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "கடன் வாங்கிப் பல்லு கட்னா, அந்தப் பல்லாலயே கடன்காரனாண்ட இளிக்கணும். வோணாம்" என்றுவிட்டார்.

முறுக்கு போயிற்று. வேர்க்கடலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கறியை அவர் மனைவி மிக்ஸியில் போட்டு அடித்துக் கொடுத்தார். "கறி துண்றனா, சட்னி துண்றனான்னே தெர்ல பாய்" என்பார். மூன்று வேளையும் இட்லி. கன்னம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அதற்கும் மேலே ஒன்று, சிரிப்பு நின்றுவிட்டது. யாராவது வந்தால் துண்டால் வாயை மூடிக்கொள்வார். அவர் வேனில் வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் என் கடைக்கே வந்து, "அண்ணனுக்கு எங்க மேல இன்னா கோவம்? மூஞ்சி குடுத்தே பேச மாட்றாரு" என்று கேட்டார்கள். நாற்பது நாள் என்று வாயை விட்டவனிடமே வந்து கேட்டார்கள்.

ஐந்தாவது மாதம் அவர் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டார். ரீபண்டு வந்தால் முடி காணிக்கை. அதுவரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது. எட்டாவது மாதத்தில் அவரைப் பார்த்துத் தெருக் குழந்தைகள் வீட்டுக்குள் ஓட ஆரம்பித்தன.

அந்த எட்டாவது மாதத்தில்தான் கம்ப்யூட்டரில் எழுத்து மாறியது. ரீபண்டு தோல்வி. பணம் புறப்பட்டுப் போய், அவர் பேங்க் கணக்கு முடங்கிக் கிடந்ததால் திரும்பிவிட்டது. ஆளைச் சரிபார்த்துக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டுமாம். பேங்குக்குக் கூட்டிப் போனேன். கைரேகை வைத்தார், விழவில்லை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? சரி, முகத்தைக் காட்டுங்கள் என்று அங்கிருந்த பெண் போனைத் தூக்கிப் பிடித்தார். சிவப்புக் குறி வந்தது. ஆதாரில் இருப்பவர் உப்பிய கன்னமும் கத்தரித்த மீசையுமாக இருந்தார். எதிரில் இருப்பவர் குகையிலிருந்து இறங்கி வந்த சாமியார் மாதிரி இருந்தார்.

"முடிய எடுத்துட்டு வாங்க சார்."

"ரீபண்டு வந்தாத்தாம்மா முடி எடுப்பேன். வேண்டுதல்."

"முடி எடுத்தாத்தான் சார் ரீபண்டே வரும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் யோசித்து ஆரன் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். "பெருமாளுக்கு அட்வான்ஸா கட்டிடறேன் பாய். வேலை நடக்கலன்னா அவராண்டயே ரீபண்டு கேக்கறேன்."

"அங்கயும் பரிசீலனைலன்னு சொல்ட்டா இன்னாண்ணே பண்ணுவீங்க?" என்றேன். பழைய ஆரனாக இருந்தால் கடை அதிர்ந்திருக்கும். துண்டுக்குள் ஒரு பெருமூச்சுதான் கேட்டது.

திருப்பதி போய் மொத்தத்தையும் மழித்துக்கொண்டு வந்தார். பேங்குக்குப் போனோம். மறுபடியும் சிவப்பு. இப்போது முடியும் இல்லை, மீசையும் இல்லை, கன்னமும் இல்லை. அந்த போன் யாரையென்று கண்டுபிடிக்கும்?

வெளியே வந்து பேங்க் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது என் மூஞ்சின்னு நானே வந்து நின்னு சொன்னாலும் நம்ப மாட்றான் பாய். நான் யாருன்னு அந்த போனு சொல்லணுமா?" என்றவர் துண்டைக் கண்ணுக்குக் கொண்டு போனார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. "எல்லாம் என்னாலதாண்ணே. நாப்பது நாளுன்னு சொல்லித் தொலைச்சேன்" என்றேன்.

"அட போப்பா. நீ நம்பரு தான் சொன்ன. பல்ல புடுங்கிக்கினது நானு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கே நிற்கப் பிடிக்காமல் எதிர்ச்சாரித் தள்ளுவண்டிக்குப் போய், அவர் நாஷ்டாகூடப் பண்ணவில்லையே என்று நான்கு இட்லி வாங்கி வந்தேன். ஒரு விள்ளலை வாயில் போட்டு அவர் ஒரு பக்கமாக ஒதுக்கினார். அந்தப் பக்கக் கன்னம் மட்டும் அப்படியே ஆதார் கார்டு.

"முயுங்காதீங்கண்ணே! இந்தப் பக்கமும் ஒண்ணு ஒதுக்குங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்த பிறகு, "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் வைங்க சார். வாயத் தொறக்காதீங்க" என்று அவரே யோசனை சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது முயற்சியில் பச்சை விழுந்தது. ஆரன் அண்ணன் இரண்டு பக்கத்து இட்லியையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, "நான்தாம்மா, நான்தான்" என்றார்.

பணத்தைத் திரும்ப அனுப்பக் கேட்டு விண்ணப்பித்தேன். மறுபடியும் பரிசீலனை. மறுபடியும் பத்து மணி, ஸ்டூல், "வந்துச்சா?" முடி வளர்ந்து வாரிச் சீவுகிற அளவுக்கு வந்துவிட்டது. ரீபண்டு வரவில்லை. வராமலே போய்விடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் பேச்சு டீசல் விலை, என் அம்மாவின் முட்டிவலி, மாமண்டூர் ஏரியில் தண்ணீர் என்று வேறு எங்கெங்கோ போய்வந்தது.

பதினாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதே முக்காலுக்குக் கம்ப்யூட்டரில் பார்த்தேன்: செலுத்தப்பட்டது. நம்பிக்கை வராமல் பேங்குக்குப் போன் செய்தேன். கணக்கில் ஏறிவிட்டது என்றார் அந்தப் பெண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சென்டரில் பிரிண்ட் எடுக்க வந்தவரிடம் காசு வாங்க மறந்து அனுப்பிவிட்டேன்.

சரியாகப் பத்துக்கு வேன் வந்து நின்றது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா பாய், வந்துச்சா?"

சொன்னால் அந்த நிமிடமே எழுந்து காஞ்சிபுரத்துக்கு வண்டியை விடுவார். விடத்தான் வேண்டும். ஆனால் நாளையிலிருந்து பத்து மணிக்கு என் கடையில் அவருக்கு என்ன வேலை?

"நெட்டு வரலண்ணே. டீ சொல்லிக்கீறேன், குடிச்சிட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அந்த ரீபண்டு அவருக்குப் போய்ச் சேரப் பதினாலு மாதம் ஆயிற்று. அதில் கடைசிப் பத்து நிமிடத் தாமதத்துக்கு நான்தான் காரணம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது.