ஐம்பது வளைவுகளும் மூன்று கயிற்றடியும்

ட்ரென்டா,
ஜூன் 14, சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் விங்கோ அவர்களுக்கு, உங்கள் தங்கை மிலேனாவின் கணவன் சிரில் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் கணவாயைக் கடந்து மகள் வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். அங்கே உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் முயல்களுக்குக் காலையும் மாலையும் தீனி வைப்பதற்கு நன்றி. சாம்பல் நிற முயல் கடிக்கும், ஜாக்கிரதை.

நான் சாலை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பது நீங்கள் அறியாததல்ல. "உயர்ந்த கணவாயைப் பத்திரமாகக் கடக்கப் பதினேழு விதிகள்" என்ற துண்டறிக்கையை எழுதியவனும் நான்தான். இத்தனை வருடமாக வெளிநாட்டுக்காரன் முதல் பால் வண்டிக்காரன் வரை அதைப் படித்துத்தான் மலை ஏறுகிறார்கள். நான் மட்டும் அந்தக் கணவாய்க்குப் போனதே இல்லை. உர்ஷ்காவை ட்ரென்டாவில் கட்டிக்கொடுத்த பிறகும், காரை ரயிலில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றித்தான் மகளைப் பார்க்கப் போவேன். கேட்டவர்களிடம் பெட்ரோல் மிச்சம் என்றேன். இந்த வருடம் சுரங்கத்தில் ஏதோ வேலை நடக்கிறதென்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். உர்ஷ்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், தாத்தா இன்னும் பேரன் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் அவன் அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் நாட்காட்டியை எடுத்து நாளை எண்ணுவேன்.

ஆகவே திட்டமிட்டேன். மூன்று வாரம் திட்டமிட்டேன். கணவாய்ச் சாலையின் ஐம்பது வளைவுக்கும் ஐம்பது வரி எழுதினேன், எங்கே கியர் மாற்றுவது, எங்கே ஒதுங்குவது, எங்கே தண்ணீர் குடிப்பது என்று. மதியத்துக்கு மேல் இடி இடிக்கும், அதனால் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. கம்பளி, கைவிளக்கு, மண்வெட்டி, கயிறு எல்லாம் எடுத்தேன். ஜூன் மாதத்தில் டயருக்குப் பனிச்சங்கிலி எதற்கு என்று மிலேனா சிரித்தாள், சிரிக்கட்டும், விதி நான்கு. பிரேக்கை மூன்று தடவை காட்டியதில் மெக்கானிக் பொறுமை இழந்து, "ஐயா, இதுக்கு மேல பிரேக்கை இறுக்கினா வண்டி உங்க வாசலை விட்டே நகராது" என்றான். நகராவிட்டால் நல்லதுதானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மலையடிவாரத்து ஊரான கிரான்ஸ்கா கோராவைத் தாண்டும்வரை நான்தான் ஓட்டினேன். முதல் வளைவின் பலகையைப் பார்த்ததும் என் வலது முழங்கால் தந்தியடிக்க ஆரம்பித்தது. "முழங்கால்" என்றேன். மிலேனா இறங்கி இந்தப் பக்கம் வந்து, "நகருங்க" என்றாள். நான் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, வெயில் கண் கூசுகிறது என்று சொல்லித் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டேன். வெயில் அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதன்பிறகு நான் கணவாயைக் கேட்டேனே தவிரப் பார்க்கவில்லை. வளைவுகளில் கல் பாவியிருக்கிறார்கள், வண்டி தடதடவென்று ஆடும்போதெல்லாம் ஒன்று முடிந்தது என்று கணக்கு. எதிரே பேருந்து ஹாரன் கேட்டது. மிலேனா ரிவர்ஸ் எடுத்தாள். ரிவர்ஸ், மச்சான்! பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நான்தான் வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்தவன். அந்தப் பதற்றத்தில் என் வளைவுக் கணக்கும் தவறிப்போனது.

"விதி பதினொண்ணு என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடிட்டு உக்காருன்னு சொல்லுது" என்றாள் உங்கள் தங்கை.

கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. ஏதோ ஈரமாக என் கையை நக்கியது. "ஒண்ணுமில்லங்க, ஆடு. ரோட்டுல நிக்குது" என்றாள். ஆடு போனதும் வண்டி மூக்கைக் கீழே சாய்த்தது போலிருந்தது.

"ஏன் இறங்குது?"

"ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

சாலை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்த நான் அதை நம்பினேன்.

"எத்தனாவது வளைவு?"

"பதினாலு."

ரொம்ப நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "பதினாலு" என்றாள். "இன்னுமா பதினாலு?" என்றேன். "பெரிய வளைவுங்க" என்றாள். இன்னும் முப்பத்தாறு பாக்கி என்று கணக்குப் போட்டு, எனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வண்டி நின்று, பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. தொப்பியை எடுத்தேன். எதிரே உர்ஷ்கா, கையில் பிள்ளை. இவள் எதற்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினாலாவது வளைவுக்கு வந்தாள் என்று நான் பதறியதை மாப்பிள்ளை தினே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லட்டும். பேரன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். நான் நடுவாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மிலேனா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நாம உச்சியில இருக்கோம்னு நிஜ நம்பரைச் சொல்லியிருந்தா நீங்க கதவைத் திறந்து இறங்கி நடந்திருப்பீங்க. உங்களுக்கு உயரம்னா ஆகாதுன்னு எனக்கு முப்பத்தொரு வருஷமாத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான்."

மச்சான், உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். பெண் கேட்டு வந்த அன்று, த்ரிக்லாவ் உச்சிக்குப் போயிருக்கிறாயா என்று நீங்கள் கேட்டீர்கள். அந்த மலை ஏறாதவனை நம் ஊரில் யார் மனிதனாக மதிக்கிறார்கள்? போயிருக்கிறேன் என்றேன். காற்றைப் பற்றிச் சொன்னேன், உச்சியிலிருக்கும் தகரக் கூண்டைப் பற்றிச் சொன்னேன். உண்மையில் கூட வந்தவர்கள் மேலே போனபோது, நான் கீழ் விடுதியில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் பீன்ஸ் சூப் குடித்தேன். முதல்முறை உச்சி ஏறுகிறவனைக் குனியவைத்துப் பின்பக்கத்தில் கயிற்றால் மூன்று அடி கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மூன்று அடியைச் சொல்லாதவன் மேலே போயிருக்கவே முடியாது என்று நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டீர்களாம். மிலேனாவிடம், "பொய் சொல்லுறான். ஆனா உன்னைக் கட்டிக்கணும்னுதான் சொல்லுறான். நல்ல பையன், சரின்னு சொல்லு" என்றீர்களாம். முப்பத்தொரு கிறிஸ்துமஸ் விருந்தில் எதிரே உட்கார்ந்து அந்தக் காற்றுக் கதையைக் கேட்டு, பலே பலே என்று தலையாட்டியிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வது? கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு நாளாகப் பஞ்சு போல் இருக்கிறேன். இனி எனக்குப் பயமும் இல்லை, ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை திரும்பும்போது ஐம்பது வளைவையும் நானே, தொப்பி இல்லாமல் ஓட்டி வருவேன். ஆகஸ்டில் உங்களோடு த்ரிக்லாவ் ஏறிக் குனிந்து நிற்கிறேன், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் இடுப்புக்கு நலமும், வீட்டுக்கு ஆசியும், முயல்களுக்குப் பசியும் ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
சிரில்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், "மாமா, அதோ பாறை மேல நூல் மாதிரி தெரியுதே, அதுல தான் வந்தீங்க" என்று காட்டினார். செவ்வாய்க்கிழமை மிலேனா மட்டும் வருவாள். கணவாயைப் பனிக்கு மூடுவதற்குள் அவள் மறுபடி இங்கே வரும்போது, என் குளிர்காலக் கோட்டைக் கொடுத்தனுப்பவும்.