ஹெல்மெட் போட்ட முன்கதை

காரைக்குடியில் எந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தையும் முன்கதையின் அனுமதி இல்லாமல் எவரும் பார்த்துவிட முடியாது. முன்கதை என்பது ஓர் ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே உள்ள தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். பத்திரிகை படிக்க மாட்டார். ஏதோ ஒரு தொடரில் முதல் அத்தியாயம் கிடைக்காத கோபத்தில் நிறுத்தியவர். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"மொத பாகம் பாத்தீகளா?" என்பார். இல்லை என்றால் தொலைந்தீர்கள். டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மொத்தக் கதையையும் சொல்வார். வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

"யோவ், கிழிய்யா!" என்று உள்ளிருந்து மேனேஜர் கத்துவார்.

"ஒண்ணுந் தெரியாம உள்ள போனாகன்னா பக்கத்துல உள்ளவகள நச்சரிப்பாகள்ல?" என்று இவர் இன்னும் சத்தமாகக் கத்துவார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டார். முள்ளம்பன்றிக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படம். முதல் பாகம் வந்தபோது மகளை மடியில் வைத்துப் பார்த்தாராம். கடைசியில் அப்பன் முள்ளம்பன்றியை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இருக்கிறானா, செத்தானா என்று சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்கள். வீடு வரைக்கும் பிள்ளை அழுதிருக்கிறது. "அப்பன் அடுத்த பாகத்துல வந்துருவான்த்தா. ரெண்டு பேருஞ் சேந்தே பாப்போம்" என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது சிங்கப்பூரில் நர்ஸ். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, மகளுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. வாசலில் நிற்பவர் காதில் கதை விழாமல் இருக்குமா? காட்சி விடும் நேரம் பார்த்து மனிதர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்து மிரண்டு, "ஏப்பா, உள்ள கூரை கீரை விழுகுதா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பிப் போனார்.

புதன்கிழமை மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார். "கூட்டம் இல்ல. வெள்ளிக்கிழம படத்த மாத்துறேன்." லீவு கிடைத்து மகள் வருவதோ சனிக்கிழமை.

"கூட்டந்தான வேணும்?" என்றார் முன்கதை. அவ்வளவுதான். தேவகோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய கல்யாணக் கூட்டத்தைப் பட்டுப்புடவையோடு அப்படியே உள்ளே ஓட்டினார். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதியை "ஏசி, ஏசி" என்ற ஒரே சொல்லால் மடக்கினார். ஏற்கெனவே பார்த்திருந்த என்னையும் விடவில்லை. "கண்ணாடி விக்கிறீக, கண்ணுக்கு வேலை குடுக்க மாட்டீகளா?" என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

ஊருக்கே அந்த முள்ளம்பன்றியின் கதி தெரியும். அவர் முன்னால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் டீக்கடையில் முன்கதையின் காதுபட, "கடைசியில அந்த அப்பன்…" என்று ஆரம்பித்தபோது டீக்கடைக்காரர் அவர் வாயில் ஒரு முழு வடையைத் திணித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை படம் மாறவில்லை. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு முன்கதை வந்தார், தலையில் ஹெல்மெட் இல்லாமல். வாசலில் மேனேஜரே நின்றார். "மொத பாகம் பாத்தீகளா?" என்று கேட்டுத்தான் கிழித்தார்.

நான் அவர்களுக்கு அடுத்த இருக்கையில் இருந்தேன். படம் ஓட ஓட எனக்கு ஏதோ உறுத்தியது. வேடிக்கை வருவதற்கு ஒரு நொடி முன்பே அந்தப் பெண் சிரித்தாள். ஆறு திரையில் வருவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து அப்பா கையில் வைத்தாள். சிங்கப்பூரிலும் தியேட்டர் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளக்கு போட்டதும் முன்கதை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எம்மகளக் கவனிச்சீகளா தம்பி? அடுத்து என்ன வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சுருது. சின்னதுலயிருந்தே அப்புடி. அறிவு!"

அவர் தோளுக்குப் பின்னால் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்ணே, நானுங் கவனிச்சேன்" என்றேன்.

அவரிடம் கதையை உடைக்கக் கூடாது என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. நான் மட்டும் உடைத்துவிடுவேனா? அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.