லக்ஷ்மிகாந்தின் சைவ மீன்கள்

வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, உங்களைத் தொட்டி முன்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டு, முதுகில் கைவைத்துக் குனியவைத்து, "அதோ, அந்தப் பாறைக்குப் பின்னாடி பாருங்கோ" என்பார்கள். தப்பிக்க முடியாது.

ஸ்ரீரங்கத்து லக்ஷ்மிகாந்த் இவர்களில் முதல் தரம். அவரிடம் இருப்பவை இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, பட்டைக்குக் கறுப்புக் கரை. குடித்தனம், பூப்போல விரிந்து கிடக்கும் கடல் சாமந்தி என்ற பிராணியின் விரல்களுக்குள்ளே. மற்ற மீன்களைக் கொட்டும் அந்த விரல்கள் இவற்றை ஒன்றும் செய்யாது. ஒரு சாண் தள்ளிப் போனாலும் உடனே ஓடிவந்துவிடும். பெரியது பெண். அது போய்விட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்று சொல்லும்போது மட்டும், மனைவி வைதேஹி பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்துவார்.

இதெல்லாம் எந்தத் தொட்டிக்காரரும் சொல்வதுதான். இவருடைய தனிப் பெருமை, தம் மீன்கள் சுத்த சைவம் என்பது.

"என்ன சார் சாப்பிடும்?" என்று கேட்டார், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்க வந்த தைரியராஜ்.

"ஊறவச்ச அவல். ஏகாதசின்னா அதுவும் கிடையாது, உபவாசம்."

"கடல்ல அவல் ஏதுங்க?"

"பழக்கினா எல்லாம் பழகும்."

பழகியதா? முதல் மாதம் இரண்டும் வயிறு ஒட்டி, சாமந்தியை விட்டு வெளியே வராமல் கிடந்தன. பெரியது ஒருநாள் பக்கவாட்டில் சாய்ந்தேவிட்டது. அவர் அவலை இன்னும் பொடியாக இடித்தார். வைதேஹிக்குத்தான் மனசு கேட்கவில்லை, பாவம். வைதேஹி வேலைபார்க்கும் பள்ளியில் ஜீனத் என்று ஒரு டீச்சர், காட்டூரிலிருந்து வருகிறவர். ஜீனத் இறாலை நைஸாக அரைத்துச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுக்க, கணவர் சாயங்காலம் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பியதும், வைதேஹி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியில் ஒரு சிட்டிகை போடுவார். ஏகாதசியன்று இரண்டு. பிறகு தலைக்குக் குளியல். பத்தே நாளில் மீன்கள் தேறிவிட்டன.

"அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்டார் ஜீனத்.

"மீன்தான் பிழைச்சுடுத்தே. சொன்னா இவர் இளைச்சுப் போயிடுவார்."

ஆக, அவலின் மகிமை பற்றிய பிரசங்கம் இன்றும் நடக்கிறது.

சிரிக்காதீர்கள். என் கண்டிப்பால்தான் பெண் முதல் மார்க் வாங்குகிறாள், என் கைராசியால்தான் மாடியில் கறிவேப்பிலை தழைக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர்தானே நீங்களும்? அடுத்த தடவை சொல்லும்போது, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போகிறவர் முகத்தை ஒரு தரம் பாருங்கள்.