காற்றுப் பார்த்துப் பை சுட்டவர்

மட்டக்களப்பு வாவியில் காற்றுப் பார்த்து வலை வீசியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். காற்றுப் பார்த்து இறைச்சிப் பை சுட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காத்தான்குடியில் இருந்தார். பங்களாக் காக்கா என்பார்கள். அங்கே காக்கா என்றால் அண்ணன். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உலகப் போருக்கு முந்திய காலம். வாவிக்கு அக்கரையில் ஒரு தென்னந்தோட்டம். அதன் கிழட்டு ஸ்கொட்லாந்துத் துரைக்குச் சமைத்தபோது காக்கா இந்தப் பையைக் கற்றார். மாவில் சுவர் எழுப்பி, கொத்திய ஆட்டிறைச்சி நிரப்பி, மூடி போட்டுப் போறணை அடுப்பில் சுடுகிற வெள்ளைக்காரப் பலகாரம். மாவுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்க்கச் சொன்னாராம் துரை. "அதுக்கு வேற ஆளப் பாருங்க துரை" என்று காக்கா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். மறுநாள் சமாதானமாகி, ஆட்டுக் கொழுப்பில் பை வந்தது. துரை மூன்று தின்றுவிட்டுப் பன்றியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

துரை ஊருக்குக் கப்பலேறியதும் காக்காவின் வேலை போனது. அவர் பையை விடவில்லை, வீட்டில் சுட்டார். கொதிநீரில் கொழுப்பை உருக்கி மாவில் ஊற்றி, சூடு ஆறுமுன் ஜாம் போத்தலைச் சுற்றிச் சுவர் எழுப்புவார். அப்போது யாரும் இருமக்கூடாது. பிறகு சுவர் இரவு முழுதும் காய வேண்டும். வறண்ட கச்சான் காற்றில் காயும்; மழைக்கால வாடையில் தொய்ந்துவிடும். ஆகவே வாடை அடித்தால் பை இல்லை. மார்கழியில் ஒரு நீதவான் ஆள் அனுப்பிக் கேட்டார். "காத்துக்குப் பிடியாணை எழுதித் தரச் சொல்லுங்க" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினார் காக்கா.

அவர் மனைவி சொல்வார்: "வீட்டுச் சுவர் இடிஞ்சு கிடக்கு. இந்த மனிசன் மாவுக்குச் சுவர் கட்டுறாரு."

தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். கொழும்பிலிருந்து கூட்டி வந்த சமையல்காரனை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய ஆள் ஒரு பை சுட்டு அனுப்பட்டும், நன்றாயிருந்தால் குசினி வேலை அவருக்குத்தான் என்றார். நான் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர். காக்கா பையை என் கையில் தந்தார்.

"தம்பி, பச்சப் பிள்ளையத் தூக்கிற மாதிரிக் கொண்டு போங்க. எங்கட வீட்டு வயிறெல்லாம் இதிலதான் இரிக்கி."

"பயப்படாதீங்க காக்கா."

தோணியில் துணியை விலக்கிப் பார்த்தேன். மூடி, விளிம்பிலிருந்து ஒரு விரல் பள்ளத்தில் கிடந்தது. நடுவில் ஒரு துளை வேறு. நான் பனிச்சங்கேணி வயல்காரர் மகன். எங்கள் வீட்டில் மரைக்காலில் நெல்லைக் குவித்து அளப்பார்கள். தலைதட்டி அளப்பவன் கஞ்சன். விளிம்புக்குக் கீழே அளப்பவனுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள். துரைக்கா குறையளவு? இறங்குதுறையில் எருமைத் தயிர் விற்றார்கள். வாங்கி விளிம்புவரை நிரப்பி, விரலால் வழித்துச் சமப்படுத்தினேன். துளையும் அடைபட்டது. பார்க்க அழகாயிருந்தது.

துரை ஒரு வாய் தின்றார். வாவியைப் பார்த்தார். அந்தப் பள்ளம் சுடச்சுடக் குழம்பு ஊற்றுவதற்கு என்று பொறுமையாக விளக்கினார். தயிர் ஊற்றியது யார் என்று கேட்டார்.

மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவன் நான். "பை சுட்ட சமையல்காரர்தான், சேர்" என்றேன். வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை.

இக்கரையில் காக்கா காத்து நின்றார்.

"என்னவாம் தம்பி?"

"சுவர் ஈரமாம் காக்கா."

அவர் வெறுந்தட்டை வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "காத்து மாறிப் போச்சுகா."

அதன்பின் சந்தையில் ரொட்டி சுட்டுப் பிழைத்தார். அடுத்த கச்சானுக்கு எங்கள் கந்தோர்க்காரர்களைப் பை தின்ன வீட்டுக்கு அழைத்தார். எல்லாருடைய பையிலும் குழம்பு. என்னுடையதில் விளிம்புவரை தயிர். விரலால் வழித்துச் சமப்படுத்தியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்டைக்குத் தட்டுக் கழுவினது நான்தானே தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தின்னுங்க. உங்களுக்கு இப்பிடித்தானே விருப்பம்."

காக்கா கண்மூடி மௌத்தாகும்வரை அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கச்சான் தோறும் எனக்கு ஒரு தயிர்ப் பை வரும். சகிக்க முடியாத பண்டம். ஒவ்வொன்றையும் மிச்சமில்லாமல் தின்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இப்போது மகள் கடையில் பை வாங்கி, முறையாகக் குழம்பு ஊற்றித் தருகிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் எழுந்து போய்த் தயிர்ச் சட்டியை எடுத்து வருகிறேன்.